ஐந்து றாத்தலுக்குள்

பெண் கேட்க வந்தவன் முன்னால் மரியதாசன் ஒரு துப்பாக்கிப் படத்தை எடுத்துப் போட்டார்.

"உங்க பொண்ணு அக்னெசைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன், அங்கிள்" என்று அகிலன் சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நீர் பிளேனுக்குப் பாரம் குறைக்கிற வேலைதானே செய்யிறீர்?"

"ஆமா அங்கிள். சென்ட் லோரன்ட்ல இருக்கற பிளேன் ஃபாக்டரில."

"அப்ப ஒரு உதவி செய்யும். மான் வேட்டைக்கு ஒரு துவக்குச் செய்விக்கப் போறன். நாள் முழுக்கக் காட்டுக்குள்ள தூக்கிக்கொண்டு திரியவேணும். அஞ்சு றாத்தலுக்கு மேல போகக் கூடாது. நீர் கணக்குப் போட்டுப் படம் கீறித் தாரும். லவாலில துவக்குச் செய்யிற வெள்ளைக்காரன் ஒருத்தன் இருக்கிறான், மிச்சத்தை அவன் பாப்பான்."

"கல்யாண விஷயம்..."

"அதைப் பேந்து கதைப்பம்." வாசல் வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "இது முடியுமட்டும் அக்னெசுக்கு மூச்சு விடாதையும்."

மெட்ரோவில் வரும்போதே அகிலன் முடிவு கட்டிவிட்டான், இது பரீட்சைதான் என்று. முட்டைகூடத் தொடாத திருநெல்வேலிச் சைவக் குடும்பத்துப் பிள்ளையைப் பிடித்து, மானைச் சுட வழி பண்ணிக் கொடு என்கிறார் மனுஷர்! மகளிடம் ஏன் மறைக்கிறார் என்பதும் புரிந்த மாதிரி இருந்தது. அக்னெஸ் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், குழந்தைகளுக்கு முயல் பொம்மை காட்டிச் சோறூட்டுபவள். மாதா கோயிலில் பாடுபவள். அவளுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும்.

2006-ன் கோடை முழுவதும் கிராம் கிராமாகக் கழிந்தது. சனிக்கிழமை காலைகளில், அக்னெஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, அகிலன் காகிதச் சுருளோடு வில்லரேயில் இருக்கும் மரியதாசன் வீட்டுக்குப் போவான். துப்பாக்கிக் கட்டைக்கு மரம் வேண்டாம், கார்பன் ஃபைபர். குழலை இரண்டு அங்குலம் குறைத்து, வெளிப்புறம் நீளவாக்கில் பள்ளம் போட்டான். திருகாணிகளைக்கூட விடவில்லை.

"உதைக்கவும் கூடாது" என்றார் மரியதாசன் ஒருநாள்.

"அங்கிள், எடை குறையக் குறைய உதை ஜாஸ்தியாத்தான் ஆகும். ஏதாவது ஒண்ணை விட்டுக்கொடுக்கணும்."

"நீர் படிச்ச ஆள். வழி தேடும்."

தேடினான். சற்றுச் சின்னத் தோட்டா, தோளில் பதியும் இடத்தில் மெத்தென்ற ரப்பர். சிக்கல் தீர்ந்தது.

அவர் கொடுத்த அளவுச் சீட்டு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. தோளிலிருந்து விசை வரையான நீளம் ஓர் அங்குலம் குறைவு. ஆறடி மனுஷருக்கு இது எப்படிப் போதும்? குளிருக்குத் தடித்த சட்டை போடுவார், அதற்காகக் குறைத்திருப்பார் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டான்.

கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அதே "பேந்து", அப்புறம் பார்க்கலாம் என்பதுதான். ஊரிலிருந்து அம்மா போன் போட்டு, பாளையங்கோட்டையில் ஒரு பெண் பார்த்திருப்பதாகவும் ஐப்பசிக்குள் பதில் வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். போதாக்குறைக்கு அக்னெசும், நவம்பரில் எங்காவது போகலாமா என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். அவளும் நழுவுகிறாளோ என்று அவன் சந்தேகப்பட்டான்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. மரத்தில் ஒரு மாதிரி செய்து, உள்ளே ஈயம் வைத்துச் சரியான எடைக்குக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்தான் அகிலன். ஐந்து றாத்தலுக்கு இரண்டு அவுன்ஸ் குறைவு.

"முடிஞ்சிருச்சு, அங்கிள். இப்பவாவது எங்க விஷயத்துக்கு ஒரு பதில் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, நான் வேட்டைக்கு வர மாட்டேன். கறி சாப்பிட மாட்டேன். அதனால வேண்டாம்னா இன்னிக்கே சொல்லிடுங்க." தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவனுக்கே தெரியாது.

மரியதாசன் வாயைத் திறப்பதற்குள் வாசல் கதவு திறந்தது. அக்னெஸ்! பயிற்சி இன்று சீக்கிரமே முடிந்துவிட்டதாம். அகிலன் பதறிப்போய் மாதிரியை சோபாவுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தான்.

"ஒளிக்காதையும்" என்றார் மரியதாசன். "அவளிட்டக் குடும்."

அக்னெஸ் கோபப்படவில்லை. பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தாள். மாதிரியை இரண்டு கையாலும் வாங்கித் தோளில் பொருத்தி, கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிச் சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை போல அது அவள் தோளில் உட்கார்ந்தது.

"நீயா?" என்றான் அகிலன்.

"ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போறனான்." அவள் கண்கள் தாழ்ந்தன. "முட்டைகூடச் சாப்பிடாத ஆளிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது? ஓடிப்போயிடுவீங்கள் எண்டு பயந்திட்டன்."

அகிலன் அவளையும் அந்தக் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். நாலு மாதமாக, யார் தோள் நோகக் கூடாதென்று கண்விழித்துக் கணக்குப் போட்டிருக்கிறான்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஓடறதா? இனிமே எங்க ஓட?" என்றவன், சட்டென்று நினைவு வந்து அவள் அப்பாவிடம் திரும்பினான்.

"அங்கிள், அப்ப உங்க சம்மதம்?"

"விசர்க் கதை கதைக்காதையும்" என்றார் மரியதாசன். "இது அவளின்ர சீதனமெல்லோ!"