எதிர்க்கட்சிக்காரர்

"எழுபது வயசாயிட்டா கார் ஓட்டக் கூடாதா? இதை எழுதினவருக்கு என்ன வயசிருக்கும், முப்பதா?"

அப்பா புத்தகத்தை மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

மகளுக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. அவள்தான் அந்த நூலகத்தின் நூலகர். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பின்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாசகர் வட்டம் நடத்துகிறாள். கதைப் புத்தகம் கிடையாது. குடிநீர், குப்பை என்று ஊர்ப் பிரச்சினை எதையாவது அலசும் புத்தகம்தான். இந்த மாதம் சாலை விபத்து.

"இந்தப் புத்தகத்தை எடுக்கலாம்னு முதல்ல கையைத் தூக்கினதே நீங்கதானேப்பா."

"படிக்கறதுக்கு முன்னாடி தூக்கினேன். படிச்சப்புறம் இறக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா, அவர் வயசானவங்களைக் குறை சொல்லலை. கண்ணும் காலும் மெதுவாகுதுன்னுதான் சொல்றார். வார்டுல நான் பார்க்கறதும் அதுதான்."

"அம்பது வருஷமா ஓட்டற கை இது. தூக்கத்துல எழுப்பி உட்கார வச்சாலும் ஓட்டும்."

"எழுந்திருக்காமலே ஓட்டிடுவீங்களோன்னுதான் பயமா இருக்கு" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரர்.

அப்பா அசரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த நண்பரின் பக்கம் திரும்பினார்.

நண்பர் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வட்டத்தில் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். அப்பா மழை வரும் என்றால் அவர் குடையை மடக்கி வைப்பார். ஆனால் இன்று வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் அவருடைய கார் பேக்கரி வாசலில் ஏறி, ஆளுயரப் பூந்தொட்டியைத் தூளாக்கிவிட்டது.

"என்னடா, பேச்சையே காணோம்? நீயும் என் கட்சிதான்னு எழுதிக்கலாமா?"

அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உன் கட்சியா? நானா?"

"பின்னே? உனக்கும் எனக்கும் ஒரே வயசு. நான் ஓட்டலாம்னா நீயும் ஓட்டலாம்."

"நீ சொல்றதுக்காகவே ஓட்டக் கூடாது. அன்னைக்கு நான் பிரேக்னு நினைச்சு எதை மிதிச்சேன் தெரியுமா? ஆக்ஸிலேட்டரை. மிதிச்ச கால் என் கால்தான், எனக்கே சொல்லாம மிதிச்சிடுச்சு."

"அது தொட்டி வச்சவன் தப்பு. நடைபாதையில யாராவது தொட்டி வைப்பானா?"

"தொட்டி இருந்த இடத்துல ஒரு குழந்தை நின்னிருந்தா? அப்பவும் நின்னவன் தப்புன்னு சொல்லுவியா?"

மருந்துக்கடைக்காரரின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலிருந்தது.

அப்பா விடவில்லை. "வாயால சொல்றது சுலபம். காலையில எழுந்து நீயும் வண்டியை எடுக்கத்தான் போறே."

"எடுக்க மாட்டேன்."

"எங்கே, சாவியைக் கொடு பார்ப்போம்."

மருந்துக்கடைக்காரர் பையில் கையை விட்டு, சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா. இனிமே என் சம்சாரம் ஓட்டட்டும். அவ என்னைவிட நல்லாவே ஓட்டுவா, இத்தனை நாளா நான்தான் ஒத்துக்கலை. நான் வச்சிட்டேன். நீ வைக்கிறியா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"நான் யோசிக்கணும்" என்றார் அப்பா.

தையல்காரர் உச்சுக்கொட்டினார். நர்ஸ் மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்பாவிடம் அவள் சொல்லிக்கொள்ளாமலே போனாள்.

போனில் தகவல் போய், மருந்துக்கடைக்காரரின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வண்டியை ஒரே வளைப்பில் தெருவுக்கு எடுத்தாள். பக்கத்து இருக்கையில் மருந்துக்கடைக்காரர், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே போனார்.

நாற்காலிகளை அடுக்கி வைக்கும்போது மகள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா இப்படி? எல்லார் முன்னாடியும் எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா? அவருக்கு இருக்கற பொறுப்பு உங்களுக்கு இல்லையேன்னு அந்த நர்ஸ் பார்த்த பார்வை இருக்கே... நாளைக்கு நானே வீட்டுக்கு வந்து உங்க சாவியை எடுத்துக்கப் போறேன்."

"எந்தச் சாவி? வண்டியைத்தான் வித்தாச்சே."

மகள் கையிலிருந்த நாற்காலி அந்தரத்தில் நின்றது.

"பட்டறையில விட்டிருக்கேன்னு சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன். அவன் தொட்டியை இடிச்சதைக் கேட்டதும் எனக்கே பயம் வந்துடுச்சு. அந்த வாரமே லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து மூத்தோர் பஸ் பாஸை எடுத்துக் காட்டினார். "போட்டோதான் நல்லா வரலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்லே?"

"உனக்குத் தெரிஞ்சா உன் முகம் காட்டிக்கொடுத்துடும். அவன் கண்டுபிடிச்சிடுவான்."

"அப்படின்னா இன்னைக்கு நீங்க பேசினதெல்லாம்?"

அப்பா கடைசி நாற்காலியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தார்.

"அவன் சம்சாரம் வீட்டுக்கு வந்து அழுதாங்க. 'அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டேங்கறார்ண்ணே, நீங்க சொன்னாலாவது கேட்பார்'னாங்க. நான் சொல்லி அவன் என்னைக்கும்மா கேட்டிருக்கான்? அதை நம்பித்தான் இன்னைக்கு வாயைத் திறந்தேன்."