அச்சில் வந்த முதுகு

சிற்பி கிசோக் போனில் ஸ்கேன் செய்து, முப்பரிமாண அச்சில் எடுத்திருந்த புதுச் சிலையைக் கண்டதும் அவன் மனைவி சிவரூபினிக்கு வயிறு எரிந்தது. முகமே இல்லை. ஒரு பெண்ணின் முதுகும் சரிந்த கொண்டையும்தான்.

"ஆருட முதுகு இது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பிள."

"ஸ்கேன் பண்ணி முடியுமட்டும் உங்களுக்கு முன்னால இருந்தவவா?"

"ஓம். ஒவ்வொரு நாளும்தான்."

அவள் சிலையைத் தூக்கிப் பிடித்தாள். "பேரச் சொல்லுங்க. இல்லாட்டி உடைப்பன்!"

"சிவரூபினி," என்றான் கிசோக். "சண்டை பிடிச்ச நாள்ல இருந்து மூணு மாசமா நீ எனக்குக் காட்டினது இந்த முதுகு மட்டும்தானே?"

இத்தனை நாளில் இன்றுதான் அவனோடு கதைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிலையை மெல்ல இறக்கி வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.