நூற்று நான்கு ஞாயிறுகள்

"நூத்தி நாலு மெயில்! அத்தனையையும் முழுங்கிட்டு எப்படி உக்காந்திருக்கு பாரு!" ஆட்டுப் பண்ணைக்காரர் கிளாரி கணினியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அடிச்சா கக்கிடுமா கிளாரி? தள்ளி உக்காருங்க" என்றாள் நரெல். தொலைந்த மின்னஞ்சல்களை மீட்டுத் தர, லாங்ரீச் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் செம்மண் சாலையில் வந்திருந்த கணினி மெக்கானிக் அவள்.

மகள் டீகனோடு கிளாரிக்குச் சண்டை. போனில் பேசினால் இன்னும் முற்றும் என்று, ஞாயிறுதோறும் ஆடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவார் கிளாரி. இரண்டு வருடமாக அவளிடமிருந்து பதிலே இல்லை.

வரும் சனிக்கிழமை டீகனுக்குக் கல்யாணம். 'ஒரு வரிகூட எழுதாத அப்பா வர வேண்டாம்' என்று அத்தை பெரிலிடம் சொல்லிவிட்டாளாம்.

"எழுதலையாம்! எடுத்துக் குடும்மா. பிரின்ட் போட்டு அவ கையில திணிக்கிறேன்."

'அனுப்பியவை' பகுதி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நரெல் பழைய நகல்களைத் தேடினாள், மீட்பு மென்பொருளை இரண்டு முறை ஓடவிட்டாள். மதியம் தாண்டியும் ஒரு வரி அகப்படவில்லை.

"வைரஸா இருக்குமோ? விளம்பரம் நெறைய வருமா?"

"ஒண்ணும் வராது! முன்னாடி அந்தக் குப்பையே சாட்டிலைட் டேட்டாவை எல்லாம் தின்னுடும். மாசம் பாதியிலேயே காலி. நானே ஒரு வழி பண்ணிட்டேன். ரெண்டு வருஷமா எந்தக் குப்பையும் இல்ல." பெருமை தாங்கவில்லை அவருக்கு.

நரெலுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "கிளாரி, நெஜமாவே எழுதினீங்களா?"

"நீயுமா?" அவர் குரல் உடைந்தது. ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார்.

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. மறுபடி திரையைப் பார்த்தவள், மெனுவில் ஒரு சின்ன டிக்கைக் கவனித்தாள். 'இணைப்பின்றி வேலை செய்.' அனுப்பியாகிவிட்டது என்று அவர் அடித்துச் சொன்னதால், 'அனுப்ப வேண்டியவை' பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. திறந்தாள். நூற்று நான்கும் வரிசையாக இருந்தன.

"எதுவும் தொலையல கிளாரி. ஆனா ஒண்ணுகூட வீட்டை விட்டுக் கிளம்பல. டேட்டாவை மிச்சம் பிடிக்க நீங்க போட்ட டிக்தான்."

கிளாரி நாற்காலியை இழுத்துக்கொண்டு திரையருகே வந்தார்.

நரெல் டிக்கை எடுத்தாள். மின்னஞ்சல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அதே சமயம் கணினி 'டிங்' என்றது. இன்னொரு 'டிங்'. பிறகு நிற்கவேயில்லை. வந்து விழுந்தவற்றில் பாதிக்குமேல் ஒரே பெயரில் இருந்தன.

"கண்ணாடி எங்கன்னு தெரியல. நீயே படி" என்றார் கிளாரி. கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

போன மாதம் டீகன் அனுப்பியதை நரெல் படித்தாள்.

"கல்யாணத்துக்கு வருவியாப்பா? இதுக்காவது பதில் போடு."