மேடு ஏறும் வண்டி

"தம்பி, ஸ்னோவுக்கு எது நல்லது? ஃப்ரண்ட் வீல் ட்ரைவோ, ஃபோர் வீல் ட்ரைவோ?" என்று கேட்டார் குணபாலன். கனடாப் பனியில் ஸ்காபரோவில் இருந்து விட்பிக்கு நாளும் வேலைக்கு ஓடப்போகிறவள் அவர் மனைவி தர்ஷினி.

"ஃப்ரண்ட் வீலே காணும் அண்ணை. மிச்சக் காசுக்கு நாலு ஸ்னோ ரயர் போடுங்கோ, ஐஸிலயும் ரோட்டைப் பிடிக்கும்," என்றேன்.

"கார் விக்கிற ஆள் மலிவானதைக் காட்டுறீர்! உந்த ஃபோர் வீலுக்கு என்ன குறை?"

"குறையில்லை. நாலு சில்லும் ஸ்னோவில நல்லா இழுத்து ஏறும். ஆனா பிரேக் பிடிச்சா மற்றக் கார் மாதிரித்தான் வழுக்கும்."

அவர் நம்பவில்லை. "உம்மட மனுசிக்கு எதை வாங்கிக் குடுத்தனீர்?"

எனக்குப் பொய் வரவில்லை. "ஃபோர் வீல்தான்."

"கேட்டியே தர்ஷி! தன்ர மனுசிக்கு ஃபோர் வீல், உனக்கு மட்டும் மலிவுக் கார்!"

தர்ஷினி அதற்குள் ஃபோர் வீலில் ஏறி உட்கார்ந்து ஹோர்ன் அடித்துச் சிரித்தாள்.

மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். தர்ஷினி திரும்பவும் ஹோர்ன் அடித்தாள்.

"ஸ்னோ ரயராவது போடுங்கோ அண்ணை," என்றேன் கடைசியில்.

"காசு இதோட சரி. அடுத்த வருசம் பாப்பம்."

சாவியைக் கொடுத்தேன்.

போன மாசியில் என் மனைவி கௌசியைக் கொண்டுபோன அந்த ஃபோர் வீல் வண்டியும் எல்லா மேடும் ஏறியது. சிவப்பு விளக்கில்தான் நிற்கவில்லை.