அடைக்கலமேரியின் இடம்

கல்லறைத் திருநாளன்று கணவர் ஞானாதிக்கத்தின் கல்லறைக்கு வந்த அடைக்கலமேரி திடுக்கிட்டு நின்றாள். அவருக்குப் பக்கத்தில், தனக்கென்று அவர் அந்தக் காலத்திலேயே வாங்கிப் போட்டிருந்த காலி இடத்தில், எவளோ ஒருத்தி மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“யாருடி நீ? உசுரோட இருக்கிறவ இடத்துல மெழுகுதிரி ஏத்துற?”

அவள் பதறி எழுந்தாள். “நான் பூதலூர் அம்சம்ங்க. வருஷா வருஷம் ஐயாவே ஏத்திடுவாரு. இப்ப அவரும் போயிட்டாரு, அதான் நானே வந்தேன்.”

பூசை தவறாத மனுஷர். ஆனால் ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு இங்கே தனியாகத் தங்கிவிடுவார். எதற்கென்று இப்போதுதான் அவளுக்குப் புரிவதுபோல் இருந்தது.

“அவரு பக்கத்துல உனக்கு என்னடி வேலை?”

“பக்கத்துல இருக்கிறது எம் புருஷன் காத்தானுங்க. உதயசூரியன் மொத தடவை ஜெயிச்ச வருஷம் கூலித் தகராறுல அடிச்சே கொன்னுட்டாங்க. சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனா, தன் வயல் வழியா விடமாட்டேன்னு மிராசுதார் மறிச்சுட்டாரு. நீங்க பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தீங்க. ஐயாதான் பங்குச் சாமியார் கால்ல விழுந்து, வெளியில தெரியாம இந்த இடத்தைக் கொடுத்தாரு.”

“அப்ப எனக்கு?”

“நானும் கேட்டேங்க. ‘அவளை என் குழியிலேயே சேத்துக்குவேன், அவ ஒண்ணும் சொல்லமாட்டா’ன்னாரு.”

“சொல்லமாட்டேனாமா?”

காற்றில் சுடர் சாய்ந்தது. அடைக்கலமேரி சட்டென்று குனிந்து, காத்தானின் மெழுகுதிரியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.