தொட்ட யானை

நிறைமதி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சதுரங்கப் பலகையில் நின்ற யானைக்கு ஜுரம் கண்டு கொதித்தது போல.

எதிரே ஆடிக்கொண்டிருந்த பெரிய பெண் பார்த்துவிட்டாள்.

இந்த நிறைமதி இருக்கிறாளே, சதுரங்க ராணியைவிட இரண்டு விரல்தான் உயரம். நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தொடக்க நகர்வுகளையோ எண்ணெயில் கடுகு வெடிக்கிற வேகத்தில் ஆடித் தள்ளியிருந்தாள். சிப்பாய், குதிரை, மந்திரி. அடுத்தது, ராஜாவைப் பத்திரமாக ஓரத்துக்கு அனுப்பும் காஸ்லிங். அதற்கு முதலில் ராஜாவைத் தொட வேண்டும்.

அவசரத்தில் யானையைத் தொட்டுவிட்டாள்.

தொட்டால் தொட்டதுதான். யானையைத்தான் நகர்த்த வேண்டும். ராஜா நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

போட்டி நடந்த கல்யாண மண்டபத்தில் அப்படியொரு நிசப்தம். கொசுகூட நடுவரிடம் அனுமதி வாங்கித்தான் பறந்தது. அந்த நடுவரோ நாலு மேசை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எதிரே இருந்தவள் கையைத் தூக்கினால் போதும், வந்துவிடுவார்.

இந்த ஆட்டத்தை ஜெயித்தால்தான் அவளுக்கு மாவட்ட அணி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

நிறைமதியின் கீழுதடு துடித்தது. காவிரியும் பவானியும் ஒன்றாகக் கிளம்பி வந்து அந்தக் கண்களில் நின்றன.

அந்தப் பெரிய பெண் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பது போல அத்தனை கவனமாகப் பார்த்தாள். சுற்றுகிறதா? சுற்றுகிறது. நன்றாகவே சுற்றுகிறது.

வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

டக்.

கடிகாரத்தை அழுத்திய சத்தம். குனிந்தாள்.

ராஜா இருந்த இடத்திலேயே இருந்தது. யானைதான் ஒரு கட்டம் தள்ளி நின்றது.

"பாவம் பாக்காதீங்கக்கா," என்றாள் நிறைமதி. ரகசியமாகத்தான் சொன்னாள், பந்தி நடக்கும் கூடம் வரைக்கும் கேட்டிருக்கும். "அப்புறம் நான் ஜெயிச்சா அது செல்லாது."

நடுவர் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்.

பெரிய பெண்ணின் கை ஓரத்துச் சிப்பாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் வலிக்காத நகர்வு.

தொடவில்லை. அந்தரத்தில் நின்றது கை.

பிறகு குதிரையை எடுத்தாள். நிறைமதியுடைய ராஜாவின் வாசலுக்கே கொண்டுபோய், சத்தம் வர வைத்தாள்.

நிறைமதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.