ராஜாவின் பதில்கள்

"அடிமைக்குக் கம்பிளி கிடையாதுன்னு போடுங்க தம்பி," என்றார் ஒச்சப்பன்.

ராஜாராமின் விரல்கள் கம்ப்யூட்டர் மேல் அப்படியே நின்றன.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. மழையில நனைஞ்சுக்கிட்டே வேலை பாக்குற ஆளு கேக்குறான்."

"போன வருசம் குடுத்ததே இன்னும் கிழியல. அத வச்சு ஓட்டச் சொல்லுங்க."

ராஜாராம் மதுரையில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கல்லூரிப் போட்டிக்காக அவனே எழுதிய விளையாட்டு அது. சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு டி.வி.யோடு இணைத்திருந்தான். 1988-ல் போடியில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

ஒரு கற்பனை நாடு. மலை, பூதம், கோட்டை, அடிமைகள். ஒருவர் அடிமையாகவும் ஒருவர் ராஜாவாகவும் ஆட வேண்டும். ராஜா இரக்கம் காட்டினால் நாடு செழிக்கும். இல்லையென்றால் கோட்டை இடிந்து விழும்.

பாடுபடுகிறவன் கைக்கு அதிகாரம் வந்தால் நியாயம் தானாக வரும் என்பது ராஜாராமின் கட்சி. வீட்டில் இதற்காகத் தினமும் சண்டை. அதை நிரூபிக்கத்தான், ஏலக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி வந்த தங்கள் எஸ்டேட் தொழிலாளி ஒச்சப்பனைப் பிடித்து ராஜாவாக்கிவிட்டு, தான் அடிமையாக ஆடிக்கொண்டிருந்தான்.

ஒச்சப்பன் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். கண் சுவர்க் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை.

"நாலு மணி பஸ்ஸ விட்டா போடிமெட்டுக்குப் போய்ச் சேர்றது சிரமம் தம்பி. வெரசா முடிங்க."

"இன்னும் ரெண்டே கேள்விதான்." திரையில் வந்த இங்கிலீஷை ராஜாராம் தமிழில் சொன்னான். "அடிமை குடிசை ஒழுகுது. கூரை மாத்தித் தரச் சொல்றான்."

"மழை விடட்டும், பாப்போம்."

யோசிக்கவே இல்லை. பட்டென்று வந்தது பதில். திரையில் கோட்டையின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது.

காபி கொண்டுவந்த அம்மா பொன்னுமணி சிரித்துவிட்டாள்.

"பாத்தியாப்பா? இவங்களுக்காகத்தான் நீ எங்களோட மல்லுக்கு நிக்கிற. கையில அதிகாரம் வந்ததும் தன் சனத்தையே எப்படி விரட்டுறாருன்னு பாரு."

ராஜாராமுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அம்மா பக்கம் திரும்பாமலே கடைசிக் கேள்வியைப் படித்தான்.

"அடிமையோட மகளுக்கு நெருப்பாக் காய்ச்சல். வைத்தியர்கிட்ட கொண்டுபோக ராஜாவோட குதிரையக் கேக்குறான்."

முதல் தடவையாக ஒச்சப்பன் தயங்கினார். உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.

"குதிரையில மூட்டை ஏத்தியாச்சு. ஏலத்துக்கு நேரமாச்சு, இறக்க முடியாது. கசாயம் வச்சுக் குடு, காலையில சரியாப் போகும்."

"என் விளையாட்டுல மூட்டையும் இல்ல, ஏலமும் இல்லண்ணே. இப்படி விட்டா அந்தப் பிள்ளை பிழைக்குமா?"

"பிழைச்சுக்கிரும் தம்பி. காது மட்டும் கேக்காமப் போயிரும்."

திரையில் கோட்டை முழுவதும் இடிந்தது. ராஜாராம் எழுந்தே விட்டான்.

"உங்ககிட்ட இத நான் எதிர்பாக்கலண்ணே. இம்புட்டுக் கல் நெஞ்ச எங்க போய்க் கத்துக்கிட்டீங்க?"

ஒச்சப்பனும் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், மனசு கேட்காமல் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"தப்பா எடுத்துக்கிறாதீங்க தம்பி. ராஜா எப்படிப் பேசுவாருன்னு எனக்கென்ன தெரியும்? போன தீபாவளிக்கு உங்க அப்பா கண்ணு ஆப்பரேசனுக்குப் போனப்ப எஸ்டேட்ட நீங்கதான பாத்துக்கிட்டீங்க? கம்பிளிக்கும் கூரைக்கும், எம் மகளுக்கு ஜீப்பு கேட்டும் உங்க முன்னாலதான் வந்து நின்னேன். அன்னைக்கு நீங்க சொன்ன பதிலத்தான் கூட்டாம, குறைக்காமச் சொன்னேன்."